மாடித்தோட்டத் தக்காளி: எந்த ரகம், எந்தப் பட்டம்?

மாடிவாசி_சென்னை

வணக்கம். மேடவாக்கம் பக்கம் மொட்டை மாடி. காலை 7 மணியிலிருந்து மதியம் 3 வரை நேர் வெயில், அப்புறம் பக்கத்து வீட்டுச் சுவரின் நிழல். 12 அங்குலப் பை எட்டு, 15 அங்குலப் பை ஆறு, எல்லாம் தக்காளிக்கு. போர் தண்ணீர், டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) 900 காட்டுகிறது. நாலு பேர் உள்ள வீடு. ரசம், குழம்பு, சட்னிதான் முக்கியம். பச்சையாகச் சாப்பிடவும் கொஞ்சம் கிடைத்தால் நல்லது. பி.கே.எம். 1, அர்கா ரக்‌ஷக், செர்ரி, ஆன்லைனில் படம் போட்டு விற்கிற கறுப்புத் தக்காளி. இந்த நாலில் எதை எடுக்கலாம், எப்போது விதைக்கலாம்?

பட்டம்பார்

ரகத்தைப் பிறகு பார்ப்போம். சென்னையில் முதலில் தேதிதான்.

தக்காளிக்கு இரவு 15 முதல் 20 டிகிரி இருந்தால் காய் நன்றாகப் பிடிக்கும். இரவு தொடர்ந்து 22, 23-க்கு மேல் போனால் காய்ப்பிடிப்பு குறையும். பகல் 35-ஐத் தாண்டினால் மகரந்தம் மலடாகும். சென்னையில் மே மாத இரவு 28-ஐ ஒட்டி நிற்கும், ஜனவரியில் 21 பக்கம் வரும். அதாவது நமக்குக் கிடைப்பது டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரையான ஒரு சின்ன இடைவெளி. பூ அதற்குள் வரவேண்டும். அதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

விதைத்து 25 நாளில் நாற்று. நட்டு 30 நாளில் பூ. பூவிலிருந்து பழுக்க 45 நாள். அக்டோபர் 15 விதைத்தால் நவம்பர் 10 நடவு, டிசம்பர் 10 பூ, ஜனவரி கடைசியில் முதல் பழம். நவம்பர் 15 விதைத்தால் பிப்ரவரி கடைசியில் பழம். இரண்டு தவணையாகப் பிரித்துப் போடுங்கள். முதல் தவணை நாற்று அடைமழையில் மாட்டும், அதற்குக் கூரை வேண்டும். இரண்டாவதுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மார்ச் வெயில் வாலைக் கடிக்கும்.

பூ உதிர்கிறது என்று ஏப்ரலில் மருந்துக் கடைக்கு ஓடுபவர்களுக்கு ஒன்று. பூ விரிவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே மொட்டுக்குள் மகரந்தம் கெட்டுப்போயிருக்கும். உதிர்ந்த பிறகு எதை அடித்தாலும் அந்தப் பூ காயாகாது.

ஓசூர்_நாற்றங்கால்

தேதி சரி. ஆனால் பை அளவையும் செடியின் வளர்ச்சிப் பழக்கத்தையும் பொருத்திப் பார்க்காமல் ரகம் எடுத்தால் தேதி காப்பாற்றாது.

தக்காளியில் மூன்று வகை. டிடர்மினேட் என்பது குட்டைச் செடி. இரண்டரை மூன்று அடியில் நுனியே பூங்கொத்தாக முடிந்துவிடும், காய் நாலைந்து வாரத்தில் மொத்தமாக வரும். இன்டிடர்மினேட் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும், ஏழெட்டு அடி சாதாரணம். காய் கொஞ்சம் கொஞ்சமாக மாதக்கணக்கில் வரும். நடுவில் செமி டிடர்மினேட்.

12 அங்குலப் பையில் ஏறத்தாழ 20 லிட்டர் மண் பிடிக்கும். அது குட்டைச் செடி ஒன்றுக்குத்தான் சரி. பி.கே.எம். 1 அதில் வரும். 15 அங்குலப் பை 40 லிட்டர் அளவு; அதில் அர்கா ரக்‌ஷக் அல்லது செர்ரி ஒன்று. ஒரு பையில் இரண்டு நட்டால் வேர் பின்னிக்கொண்டு மதியத்தில் இரண்டும் துவளும், காயும் சிறுக்கும்.

பக்கக்கிளை கிள்ளும் விஷயத்தில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். இன்டிடர்மினேட்டில் கிள்ளலாம், இரண்டு தண்டோடு விட்டுக் கயிற்றில் ஏற்றலாம். டிடர்மினேட்டில் கிள்ளவே கூடாது. அந்தப் பக்கக்கிளைகளில்தான் காயே இருக்கிறது. காணொளியில் யாரோ வெளிநாட்டுக்காரர் கிள்ளுவதைப் பார்த்து பி.கே.எம். செடியைக் கிள்ளினால் பாதி விளைச்சல் குப்பைக்குப் போகும். முதல் பூங்கொத்துக்குக் கீழே மண்ணைத் தொடும் இலைகளை மட்டும் எடுங்கள்.

தேனி_விதை

ரசத்துக்கும் குழம்புக்கும் என்றால் பி.கே.எம். 1 தவிர வேறு பேச்சே வேண்டாம் என்பேன். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் அன்னஞ்சி உள்ளூர் ரகத்திலிருந்து சடுதிமாற்றம் மூலம் உருவாக்கியது. தட்டை உருண்டை, தோளில் பச்சை. வெயில் தாங்கும், தண்ணீர் கொஞ்சம் தவறினாலும் தாங்கும். 135 நாள் பயிர். தனி ரகம் என்பதால் விதை எடுத்து மறுபடி போடலாம்.

ருசி எங்கே இருக்கிறது என்று ஒரு பழத்தைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான பகுதியில்தான் புளிப்பு அதிகம். நாட்டு வகையில் அறைகள் நிறைய, சாறு நிறைய, சதைச் சுவர் மெலிசு. கோயம்பேட்டில் நவீன் என்றும் மற்ற ஊர்களில் பெங்களூர்த் தக்காளி என்றும் விற்கிற நீள்வகையில் சுவர் தடிமன், அறை இரண்டு மூன்றுதான். லாரியில் போக அது நல்லது. ரசத்தில் போட்டால் புளியைக் கூட்டவேண்டியிருக்கும்.

இன்னொன்று. கடையில் "நாட்டுத் தக்காளி" என்று வாங்கிய பழத்திலிருந்து விதை எடுக்காதீர்கள். உருண்டையாக இருப்பதையெல்லாம் நாட்டு என்றே விற்கிறார்கள். உள்ளே வீரிய ஒட்டு ரகமும் கலந்திருக்கும்.

ஓசூர்_நாற்றங்கால்

தேனி அண்ணா, ருசியில் நான் வாதாட வரவில்லை. ஆனால் சென்னை மாடியில் வெள்ளை ஈ இருக்கும்வரை பி.கே.எம். 1-ஐ மட்டும் நம்பி 14 பையையும் நிரப்பச் சொல்வது சரியில்லை. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டை வைரஸுக்கு அந்த ரகத்தில் எதிர்ப்பு இல்லை.

அர்கா ரக்‌ஷக் பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் எஃப்1, அதாவது முதல் தலைமுறை வீரிய ஒட்டு ரகம். இலைச்சுருட்டை, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றுக்கும் எதிர்ப்பு உண்டு. பழம் 90 முதல் 100 கிராம், சதுர உருண்டை, கெட்டியானது. அர்கா சாம்ராட்டும் அதே மூன்று எதிர்ப்புள்ளதுதான்; பழம் இன்னும் கொஞ்சம் பெரிது. சட்னிக்கு இரண்டும் நன்றாக மசியும். ரசத்துக்குச் சுமார்தான், ஒப்புக்கொள்கிறேன்.

மாடிவாசி_சென்னை

ரக்‌ஷக் ஒரு செடியில் 18, 19 கிலோ காய்க்கும் என்று படித்தேன். அப்படியென்றால் இரண்டு செடி போதுமே?

ஓசூர்_நாற்றங்கால்

அது வயலில், சொட்டுநீரோடு உரம் கொடுத்து, நல்ல குச்சிக்கட்டு போட்டு, அந்த ஊர்க் குளிர்ச்சியில் எடுத்த உச்சக் கணக்கு. சென்னை மாடியில் 40 லிட்டர் மண்ணில் 3 கிலோ வந்தால் திருப்திப்படுங்கள். பி.கே.எம். 12 அங்குலப் பையில் ஒன்றரை, இரண்டு கிலோ.

பயிர்நோய்_குறிப்பு

எதிர்ப்பு என்ற சொல்லைப் பார்த்து ஏமாறவேண்டாம். நோயே வராது என்று அதற்குப் பொருளில்லை. நாற்றுப் பருவத்தில் வைரஸ் ஏறினால் எதிர்ப்புள்ள ரகமும் குன்றிவிடும். அந்த முதல் 25 நாளைக் காப்பாற்றினால் பி.கே.எம். 1 கூடத் தப்பிக்கும்.

நாற்றுத் தட்டை 40 கண்ணி (அங்குலத்துக்கு 40 கண்) நைலான் வலைக்குள் வைக்கவேண்டும். கொசுவலை போதாது, அதன் கண் வழியே வெள்ளை ஈ தாராளமாக நுழையும். வலை இலையைத் தொடாமல் வளைவாகக் கம்பி கொடுங்கள், தொட்டால் வெளியிலிருந்தே உறிஞ்சிவிடும். நட்ட பிறகு நாலு பைக்கு ஒரு மஞ்சள் ஒட்டுப்பொறி, செடி நுனி உயரத்தில். செடி வளர வளர உயர்த்திக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை மாலையில் வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, கரைய ஒரு மில்லி காதி சோப்புக் கரைசல், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. காலை வெயிலுக்கு முன் அடித்தால் இலை கருகும்.

பூப்பதற்கு முன்பே நுனி இலை மேல்நோக்கிச் சுருண்டு, சிறுத்து, ஓரம் மஞ்சளானால் அந்தச் செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அதை வைத்துக்கொண்டு மோர் ஊற்றுவது, பஞ்சகவ்யா அடிப்பதெல்லாம் பக்கத்துச் செடிக்கு நோயை வளர்ப்பதுதான். முதல் காய்கள் பிடித்த பிறகு வந்தால் விட்டுவைக்கலாம், இருக்கிற காய் தேறும். கவனம்: அடி இலைகள் மட்டும் தடித்து உருண்டிருந்து நுனி ஆரோக்கியமாக இருந்தால் அது வைரஸ் இல்லை. வெயிலுக்கும் தண்ணீர் ஏற்றத்தாழ்வுக்கும் தக்காளி அப்படிச் சுருட்டும்.

வாடலுக்கு ஒரு சோதனை. இலை பச்சையாக இருக்கும்போதே செடி ஓரிரு நாளில் தொங்கினால் அடித்தண்டை நறுக்கி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டுமுகம் நனையத் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால் நூல்போல் இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்தப் பை மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் இனி வேண்டாம். கீரை, வெண்டை, அவரை போடுங்கள். நூல் இறங்காமல், அடி இலையிலிருந்து ஒரு பக்கமாக மஞ்சளேறி வாடினால் ஃப்யூசேரியம் பூஞ்சையாக இருக்கும். அதற்கு ரக்‌ஷக்கின் எதிர்ப்பு உதவாது.

செம்பருத்தி_கோவை

ஒட்டு நாற்று பற்றி யாரும் சொல்லவில்லையே? கத்தரி வேர்ச்செடியில் தக்காளியை ஒட்டினால் பாக்டீரியா வாடலும் தண்ணீர்த் தேக்கமும் தாங்கும்.

பயிர்நோய்_குறிப்பு

உண்மைதான் அக்கா, ஆசிய மழைக்கால வயல்களுக்கு அதைப் பரிந்துரைக்கிறார்கள். பைக்கு அவசியமில்லை. மண்ணையே மாற்றிவிடலாமே. ஒட்டு நாற்று வாங்கினால் ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே தெரிய நடவேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். புதைத்தால் தக்காளித் தண்டு சொந்த வேர் விட்டு, ஒட்டியதன் பயனே போய்விடும். சாதாரண நாற்றுக்கு இதற்கு நேர்மாறு: முதல் இலை வரை ஆழமாகப் புதையுங்கள், தண்டெல்லாம் வேராகும்.

செம்பருத்தி_கோவை

செர்ரி பற்றி நான் சொல்கிறேன். வெயில் ஏறிய பிறகும் கடைசி வரை காய் பிடிப்பது அதுதான். பெரிய பழ ரகங்கள் மார்ச்சில் கைவிரித்த பின்னும் ஏப்ரல் நடு வரை கொத்துக் கொத்தாக வரும். பச்சையாகச் சாப்பிட இதைவிட நல்லது இல்லை. இரண்டு செடி போதும்; மூன்றாவது வைத்தால் பறிக்கவே ஆள் வேண்டும்.

அதன் தொல்லைகள்: ஏழடிக்கு மேல் போகும், மூங்கில் குச்சி தாங்காது, கம்பியில் கயிறு கட்டித் தொங்கவிடவேண்டும். மாடிக் காற்றில் செடி சாய்ந்தால் பையோடு விழும், ஆகவே பையைச் சுவரோரம் வைத்து இரண்டு இடத்தில் கட்டுங்கள். மழை பெய்தாலோ, காயவிட்டுத் திடீரென்று நிறையத் தண்ணீர் விட்டாலோ பழம் வெடிக்கும். தோல் மெல்லியது.

அணிலும் கிளியும் உள்ள இடத்தில் எந்த ரகமானாலும் அடியில் லேசாக ரோஸ் நிறம் தட்டியதும் பறித்துவிடுங்கள். வீட்டுக்குள் நிழலில் நாலைந்து நாளில் பழுக்கும், ருசி குறையாது. மார்ச்சுக்குப் பிறகு இது இன்னும் முக்கியம். 30, 32 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி உருவாவது தடைப்பட்டு, பழம் செடியிலேயே ஆரஞ்சு மஞ்சளாக நின்றுவிடும். ரகம் போலி என்று விதைக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

மாடிவாசி_சென்னை

நன்றி அக்கா. கறுப்புத் தக்காளி?

கொடை_மேகம்

அதை எங்களுக்கு விட்டுவிடுங்கள். செரோகி பர்ப்பிள், பிராண்டிவைன் மாதிரி பெரிய பழ அமெரிக்கப் பழைய ரகங்கள் குளிர்ந்த இரவில் வளர்ந்தவை. சூட்டில் இவற்றின் சூல்முடி மகரந்தக் கூம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொள்ளும். தன் மகரந்தமே தன்மேல் விழாது. சென்னையில் இலை ஆளுயரம் வரும், காய் விரல் விட்டு எண்ணலாம். கொடைக்கானல், ஏற்காடு, ஊட்டியில் நன்றாகக் காய்க்கும். எங்கள் பிரச்சினை வேறு: பனிமூட்டத்தில் பின்பருவக் கருகல் வந்தால் மூன்று நாளில் செடி எண்ணெய் பட்டதுபோல் கறுத்துப்போகும். ஆகவே இங்கே மேலே பாலித்தீன் கூரை, பக்கம் திறப்பு.

நீலமாகவோ முழுக் கறுப்பாகவோ படம் போட்டு விற்கும் பாக்கெட்டில் பாதி படத்தில் மட்டும்தான் கறுப்பு. ஆசை அடங்கவில்லை என்றால் கறுப்புச் செர்ரி ஒன்று வையுங்கள், அது கொஞ்சமாவது காய்க்கும்.

மாடிவாசி_சென்னை

அப்படியே செய்கிறேன். தண்ணீர், மண் பற்றியும் யாராவது சொல்லுங்கள். போன பருவத்தில் நீள்வகைக் காய்களின் அடிப்பகுதி கறுத்து அமுங்கிப்போனது.

ஓசூர்_நாற்றங்கால்

அது நுனி அழுகல். கிருமி இல்லை, வளரும் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. மண்ணில் சத்து இருந்தாலும் தண்ணீர் ஒரு நாள் அதிகம், ஒரு நாள் குறைவு என்று போனால் வரும். நீள்வகை ரகங்களில்தான் அதிகம். உருண்டையில் குறைவு, செர்ரியில் அபூர்வம். ரகம் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம்.

உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் இரட்டிப்பாகும். டி.டி.எஸ். 1000-ஐத் தாண்டினால் விளைச்சல் குறைய ஆரம்பிக்கும், நீங்கள் ஓரத்தில் நிற்கிறீர்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அடித் துளையில் நன்றாக வடியும்வரை தண்ணீர் விட்டு உப்பைக் கழுவுங்கள். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதை விடுங்கள். தேங்காய் நார்த்தூளைப் பயன்படுத்துமுன் மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்து கொட்டவேண்டும். அதில் உப்பும் பொட்டாசியமும் இருக்கும், சுண்ணாம்பு போவதை அதுவும் தடுக்கும்.

கலவை: செம்மண் 2 பங்கு, மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் 1, கழுவிய நார்த்தூள் 1. 15 அங்குலப் பைக்கு வேப்பம் பிண்ணாக்கு 100 கிராம், எலும்புத்தூள் 50, ஜிப்சம் 25. ஜிப்சம் சுண்ணாம்புச் சத்தைத் தரும், மண்ணின் காரத்தை ஏற்றாது. சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றாதீர்கள், உங்கள் தண்ணீர் ஏற்கெனவே காரமாகத்தான் இருக்கும். முட்டை ஓடு கரைய மாதக்கணக்கு ஆகும், இந்தப் பருவத்துக்கு உதவாது. கடலைப் பிண்ணாக்குக் கரைசலைப் பூ வந்த பிறகும் வாராவாரம் ஊற்றினால் இலைதான் தழைக்கும்.

தண்ணீர் ஜனவரியில் ஒரு பைக்குத் தினம் ஒன்றரை லிட்டர் காலையில். பிப்ரவரிக் கடைசியிலிருந்து மூன்று லிட்டர் வரை, காலை மாலை பிரித்து. மேலே காய்ந்த இலை இரண்டு அங்குலம் பரப்புங்கள்.

தேனி_விதை

விதை எடுப்பவர்களுக்கு. எஃப்1 ரக்‌ஷக்கிலிருந்து எடுத்தால் அடுத்த தலைமுறை கலந்து வரும், எதிர்ப்பும் எல்லாச் செடியிலும் இராது. பி.கே.எம். 1, கோ 3, அர்கா விகாஸ் போன்றவற்றில் எடுக்கலாம். இரண்டாவது மூன்றாவது கொத்தில் நோயில்லாத செடியின் முழுப்பழம். விதையைச் சாறோடு கண்ணாடிப் பாத்திரத்தில் எடுத்து, தண்ணீர் சேர்க்காமல் மூடிவையுங்கள். சென்னைச் சூட்டில் ஒன்று, ஒன்றரை நாள் போதும். மேலே நுரை கட்டி, விதை மேலிருந்த வழவழப்பு கரைந்தால் உடனே கழுவுங்கள். இன்னும் விட்டால் பாத்திரத்திலேயே முளைக்கும். மிதப்பவற்றைக் கொட்டிவிட்டு, தட்டில் நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பது, ஆகவே ரகங்களுக்கிடையே மூன்று நாலு மீட்டர் இருந்தால் வீட்டு அளவில் போதும்.

மாடிவாசி_சென்னை

என் கணக்கைச் சொல்கிறேன், சரி பாருங்கள். 12 அங்குலப் பை எட்டிலும் பி.கே.எம். 1. அதில் நாலு அக்டோபர் நடுவில், நாலு நவம்பர் நடுவில். 15 அங்குலத்தில் ரக்‌ஷக் மூன்று, சிவப்புச் செர்ரி இரண்டு, கறுப்புச் செர்ரி ஒன்று.

பட்டம்பார்

ரக்‌ஷக் மூன்றையும் அக்டோபர் தவணையில் போடுங்கள், 140 நாள் பயிர் அது. செர்ரியை நவம்பரில் போட்டாலும் மோசமில்லை. மேற்குச் சுவரோரம் செர்ரி, நடுவில் ரக்‌ஷக், கிழக்கில் குட்டை. மாற்றி வைத்தால் காலை வெயில் குட்டைக்குக் கிடைக்காது. பூக்கும்போது காலை 9, 10 மணிக்கு, மகரந்தம் உதிர, கயிற்றை ஒரு தட்டுத் தட்டுங்கள். திறந்த மாடியில் காற்றே போதும், நிழல்வலை போட்டிருந்தால் தட்டியே ஆகவேண்டும்.

தேனி_விதை

விதை வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்து வாங்குங்கள் தம்பி. ரகத்தின் பெயர், எஃப்1-ஆ தனி ரகமா, சோதனைத் தேதி. சோதனைத் தேதியிலிருந்து ஒன்பது மாதம்தான் முதல் காலாவதிக் கணக்கு. முளைப்புத்திறன் குறைந்தது 70 சதவீதம் இருக்கவேண்டும். தேதியே இல்லாத பாக்கெட்டையும், "கலப்பு நாட்டு விதை" என்று மட்டும் எழுதியதையும் தொடவேண்டாம். பி.கே.எம். 1-க்குப் பெரியகுளம் அல்லது கோவை வேளாண் பல்கலைக்கழகம், அர்கா ரகங்களுக்கு அந்தப் பெங்களூரு ஆராய்ச்சி நிறுவனத்தின் இணைய விதைக்கடை. ஒரு கிராமில் 300 விதை வரை இருக்கும், சின்னப் பாக்கெட் போதும்.

சந்தேகம் இருந்தால் அக்டோபர் முதல் வாரமே பத்து விதையை ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். எட்டு நாளில் ஏழு விதையாவது முளைக்காவிட்டால் வேறு பாக்கெட் வாங்க இன்னும் நேரம் இருக்கும்.